தோலுக்குள் ஆக்சிஜன்: நீலகிரியில் இருப்பவர் எதற்குப் பணம் செலவழிக்கலாம்?

கல்யாணம் நெருங்கும் வீட்டில் ஒரு கேள்வி வரும்: ஆக்சிஜன் ஃபேஷியல் செய்துகொண்டால் முகம் பளிச்சென்று ஆகுமா? சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் வேறொரு கேள்வி: அப்பாவின் கால் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை, ஆக்சிஜன் அறைக்குள் வைத்தால் ஆறிவிடுமாமே, அழைத்துப் போகலாமா? இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கிறேன். முதல் கேள்விக்காகச் செலவாகும் பணமும் அக்கறையும் இரண்டாவது கேள்வியின் பக்கம் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

தோலின் மேலடுக்கில் ரத்தக் குழாயே கிடையாது. முகத்தில் அந்த அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே இருக்கும் அடித்தோல் வரைதான் நுண்குழாய்கள் வருகின்றன. ஆக, மேலே இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் இரண்டு பக்கமிருந்தும் கிடைக்கிறது: கீழிருந்து ரத்தம் வழியாக, மேலிருந்து காற்று வழியாக. 2002-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மேற்பரப்பிலிருந்து 0.25 முதல் 0.40 மில்லிமீட்டர் ஆழம் வரை வெளிக்காற்றே போதிய ஆக்சிஜனைக் கொடுத்துவிடுகிறது என்று தெரிந்தது. அதற்குக் கீழே போகப் போக எல்லாம் ரத்தத்தின் வேலை. சுருக்கம், தழும்பு, ஆறாத புண் என்று நாம் கவலைப்படுவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆழத்துச் சமாச்சாரம்.

இன்னொன்றும் உண்டு. தோலுக்கு ஆக்சிஜனைச் சேமித்து வைக்க இடமில்லை. வந்தது சில நிமிடங்களில் செலவாகிவிடும். அரை மணி நேரம் முகத்தில் சுத்தமான ஆக்சிஜனை ஊதினாலும், குழாயை எடுத்த கொஞ்ச நேரத்தில் தோல் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான் இருக்கிறது. ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு, அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. ‘மலையில ஆக்சிஜன் கம்மி, அதான் உங்க முகம் வாடிப்போகுது’ என்று இதை வைத்து வியாபாரம் பேசுகிறார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மாட்டும் கருவி வீட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஊட்டியில் அது சமவெளியை விடச் சில புள்ளிகள் குறைத்துக் காட்டலாம், அவ்வளவுதான். இங்கேயே வாழ்பவரின் உடல் இதற்குப் பழகியது. மலையில் முகம் வாடுவது குளிராலும் வறண்ட காற்றாலும் வெயிலாலும்.

பார்லரில் கிடைப்பவை

ஆக்சிஜன் ஃபேஷியல் என்றால் என்ன நடக்கிறது? முகத்தைத் துடைத்துவிட்டு, பேனா மாதிரி ஒரு குழாயால் சீரத்தைத் தூவுகிறார்கள். அதைத் தள்ளுவதற்கு அழுத்தமான ஆக்சிஜன் வருகிறது. முகத்தில் சில்லென்று படும். முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் கொஞ்சம் உப்பி, மெல்லிய கோடுகள் மறைந்திருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்தது சீரத்தில் இருக்கும் ஹையலுரானிக் அமிலம். அது தண்ணீரை இழுத்துப் பிடித்து மேல்தோலை ஊற வைக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றால் தூவினாலும் அதே உப்பல் வரும். ஓரிரு நாளில் அடங்கியும் விடும். கல்யாணத்தன்று ஃபோட்டோவில் நன்றாக இருக்க வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்றால் செய்துகொள்ளட்டும், தப்பில்லை. அதே அமிலம் உள்ள சீரம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஈர முகத்தில் தடவி, மேலே ஒரு க்ரீம் போட்டால் ஏறக்குறைய அதே பலன். ஊட்டியின் பனிக்காலக் காற்றில் மேலே க்ரீம் போடாமல் சீரத்தை மட்டும் தடவினால் முகம் இன்னும் இழுத்துப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக்ஸி ப்ளீச் என்ற பெயரைக் கேட்டுத் தோலுக்கு ஆக்சிஜன் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. முகத்து முடியின் நிறத்தை அது வெளுக்க வைக்கிறது, அதனால் முகம் வெளுப்பாகத் தெரிகிறது. பெராக்சைடு உடைந்து ஆக்சிஜன் வருவது உண்மைதான், ஆனால் அது தோலுக்கு உணவாகாது. குளிரில் வெடித்திருக்கும் முகத்தில் போட்டால் எரிச்சலும் சிவப்பும்தான் மிச்சம். நுரை பொங்கும் முகமூடிகளும் இருக்கின்றன. பலவற்றில் அந்த நுரை, எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் வாயுவாக மாறுவதால் வருவது. ஆக்சிஜன் கலந்த குடிநீரைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், நாம் இழுக்கும் ஒரு மூச்சில் இருப்பதற்குக் கூட ஈடாகாது.

தோலுக்குள் ஆக்சிஜன் கொடுத்து நிஜமாகவே பலன் தரும் பூச்சு ஒன்று உண்டு. முகப்பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு. பருவில் பெருகும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்வது. மயிர்க்கால் எண்ணெயும் அழுக்கும் அடைத்து மூடிக்கொண்டால் அதற்குக் கொண்டாட்டம். இந்த மருந்து அந்தத் துளைக்குள் இறங்கி, உடைந்து, வீரியமான ஆக்சிஜனை வெளிவிடுகிறது. அதில் அந்த பாக்டீரியா சாகிறது. ஆன்டிபயாடிக் பூச்சுகளைப் போல இதற்கு பாக்டீரியா பழகிவிடுவதில்லை. 2.5 சதவீத ஜெல்லே போதும். வீரியம் கூடினால் எரிச்சல்தான் கூடும். ராத்திரி மெல்லிசாகப் பூசி, மேலே மாய்ஸ்சரைசர் போடுங்கள். பழைய தலையணை உறையைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் துணியின் சாயத்தை இது வெளுத்துவிடும். பரு உள்ள பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் ஃபேஷியலுக்குக் கொடுப்பதை விட, இந்தச் சின்ன டியூப்பை வாங்கி இரண்டு மாதம் பொறுமையாக இருப்பது நூறு மடங்கு நல்லது.

கண்ணுக்குக் கீழ் கருவளையத்துக்கும் பிரசவ வரிகளுக்கும் கார்பாக்சி சிகிச்சை என்று ஒன்று செய்கிறார்கள். மெல்லிய ஊசியால் தோலுக்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவது. ஆக்சிஜனுக்காக எதிர் வாயுவையா ஊசி போடுவது என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடிய இடத்தில், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனை எளிதாக விட்டுவிடும். 1904-ல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் கண்டுசொன்னது இது. ரத்தக் குழாயும் விரியும். யோசனை நல்லது, ஆனால் இதுவரை வந்த ஆய்வுகள் சிறியவை, பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு உறுதி போதாது. செய்வதாக இருந்தால் தோல் மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஓசோன் சிகிச்சைப் பக்கம் போகவே வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு.

இன்னொரு பொருளை நம் ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: ஜிப் வைத்த, காற்று ஊதும் மென்கூடாரம். ‘வீட்டிலேயே ஹைப்பர்பேரிக்’, அதாவது உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை, என்று விளம்பரம் வரும். உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதை விட சுமார் 0.3 வளிமண்டல அளவு கூடும். கடற்கரையில் காற்றழுத்தம் 1 என்பதால் உள்ளே 1.3 ஆகும். ஊட்டியில் நம் காற்றழுத்தமே 0.76 தான், 0.3-ஐக் கூட்டினால் 1.06. அதாவது பெரும் விலை கொடுத்து அந்தக் கூடாரத்துக்குள் படுத்தால், மெரினா கடற்கரையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சும்மா கிடைப்பதை விடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைக்கும். சென்னையில் இருப்பவர் எல்லாருக்கும் தோல் ஒன்றும் மின்னுவதில்லையே.

கீழிருந்து வரும் ஆக்சிஜன்

ஆழத்துத் தோலுக்கு ரத்தம்தான் வழி என்றால், அந்த வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அதில் முதலாவது ஹீமோகுளோபின். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. சமவெளியில் பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறோம். உயரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த அளவைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊட்டி உயரத்துக்குச் சுமார் 1.4 கிராம் கூடுதலாக வேண்டும். ஆகவே ரிப்போர்ட்டில் 12 என்று வந்து, பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சிட்டிருந்தாலும், லவ்டேலிலோ ஊட்டியிலோ வாழும் பெண்ணுக்கு அது பற்றாக்குறைதான். டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் முகம் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அவருக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஆனால் தானாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதில் நீலகிரியில் ஒரு எச்சரிக்கை தேவை. இங்குள்ள பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் ரத்தம் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறை) இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே நம் மலையில்தான். அந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இரும்புக் குறைவு அல்ல. அவர்களுக்குக் கணுக்காலில் ஆறாத புண்ணும் வரலாம். கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குடும்பங்கள் அந்தப் பரிசோதனையையும் சேர்த்தே செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது புகை. பீடி, சிகரெட்டில் உள்ள நிகோடின் தோலின் குழாய்களைச் சுருக்குகிறது. அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. புகைப்பவர் எந்த ஃபேஷியல் செய்தாலும் அந்தப் பக்கம் கொடுத்ததை இந்தப் பக்கம் எடுத்துவிடுகிறார். அதே வாயுதான் குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டும் கரிக்கணப்பிலும் வருகிறது. அங்கே பேச்சு தோலைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. படுக்கும் அறையில் கரி வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது குளிர். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், விரலுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். சிலருக்குக் கால்விரல் சிவந்து, வீங்கி, அரிக்கும். கம்பளிக் காலுறையும் ஈரம் படாத செருப்பும் போட்டால் விரலுக்கு ரத்தம் திரும்பும். நெருப்பில் நேராகக் கால் நீட்டுவது புண்ணில் கொண்டுபோய் விடும், சர்க்கரை உள்ளவர்களுக்கு முக்கியமாக. நீலகிரித் தைலத்தை முகத்தில் அப்படியே தேய்ப்பதும் கூடாது. சிவப்பாவது ரத்த ஓட்டம் என்று நினைப்பார்கள், அது எரிச்சல்.

வறட்சிக்கு பெட்ரோலியம் ஜெல்லிக்கு இணை இன்றும் குறைவு. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே பாட்டிலை வெந்நீரில் வைத்தெடுத்துத்தான் தடவ வேண்டும். எதுவானாலும் குளித்த ஈரம் காய்வதற்குள் போடுங்கள். எண்ணெய் பூசினால் தோல் மூச்சு விடாது என்ற பயம் வேண்டாம், கீழிருந்து வரும் ரத்தம் நிற்பதில்லை. அப்புறம் வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர்வதால் வெயில் சுடுவது தெரிவதில்லை, மேகம் மூடியிருந்தாலும் பெரும்பகுதி வந்துவிடும். ஃபேஷியல் காசில் சன்ஸ்கிரீனும் அகன்ற தொப்பியும் வாங்கினால் தோலுக்குப் பல வருடத்துக்கு உதவும்.

ஆறாத புண்: இங்கேதான் கணக்கு மாறுகிறது

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் ஆக்சிஜன் பற்றாக்குறை நிஜமானது. குழாய் அடைத்து ரத்தம் வரவில்லை, கிருமி இருக்கும் ஆக்சிஜனையும் தின்கிறது. புதுத் திசு வளரவும், தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத நார் இறுகவும், வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவும் ஆக்சிஜன் வேண்டும். பாதத்துத் தோலில் ஒரு சின்ன உணரியை ஒட்டி, 43 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கலாம். 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது கடினம்.

ஹைப்பர்பேரிக் அறை என்பது அந்த மென்கூடாரம் அல்ல. கெட்டியான சுவர் உள்ள அறையில் 2 முதல் 2.5 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். சாதாரணமாக ரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லிக்கு 0.3 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் அது சுமார் 6 மில்லி ஆகும். ஹீமோகுளோபின் உதவியே இல்லாமல் உடல் ஓய்வில் பிழைக்க அது போதும். 1960-ல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்கள் ஏறக்குறைய முழுதும் நீக்கப்பட்ட பன்றிகளை இந்த முறையில் உயிரோடு வைத்துக் காட்டினார். தோலின் ஆழத்துக்கு ஆக்சிஜன் அனுப்புவது என்றால் இதுதான்.

அப்படியானால் உடனே அப்பாவைக் கூட்டிப் போய்விடலாமா? ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. 2010-ல் வெளிவந்த சுவீடன் ஆய்வில் 94 நோயாளிகள். ஒரு வருடத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெறும் காற்று பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கும் புண் முழுதாக ஆறியது. 2016-ல் கனடாவிலும் 2018-ல் நெதர்லாந்திலும் வந்த ஆய்வுகளில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது முதல் சிகிச்சை அல்ல, மற்றதெல்லாம் செய்தும் ஆறாத, ரத்த ஓட்டம் குறைந்த புண்ணுக்கான துணைச் சிகிச்சை.

நம் மலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். இந்த அறைகள் பெரும்பாலும் சமவெளிப் பெருநகரங்களில் இருப்பவை. வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம், 30 முதல் 40 தடவை. தினமும் ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் போய் வருவது புண்ணுள்ள காலோடு ஆகாத காரியம், அங்கே ஒரு இரண்டு மாதம் தங்க வேண்டிவரும். சிகிச்சைச் செலவோடு வாடகையையும் கூட இருப்பவரின் கூலி இழப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அறையில் அழுத்தம் ஏறும்போது காது அடைப்பது, குன்னூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடைப்பது போலத்தான். எச்சிலை விழுங்கியோ மூக்கைப் பிடித்து ஊதியோ விடுவிக்கலாம். நுரையீரல் உறையில் காற்று கசிந்திருப்பவர்கள் போகக் கூடாது. சிலருக்குப் பார்வை தற்காலிகமாக மாறும், அரிதாக வலிப்பு வரலாம். சர்க்கரை இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் முன்னால் அளந்து பார்ப்பார்கள். பருத்தி உடை மட்டும்தான் போட வேண்டும். தலையில் தேங்காயெண்ணெய், முகத்தில் க்ரீம், பையில் ஃபோன் எதுவும் இருக்கக் கூடாது, சுத்த ஆக்சிஜனில் சின்னப் பொறியும் பெருந்தீயாகும். இதையெல்லாம் கேட்காமலே உள்ளே அனுப்பும் இடத்தை நம்பாதீர்கள்.

புண்ணின் மேலேயே ஆக்சிஜனைச் செலுத்தும் வழியும் உண்டு. புண்ணில் மேல்தோல் இல்லை, அதனால் முகத்துக்குச் சொன்ன வாதம் இங்கே செல்லாது. காலை ஒரு உறைக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கியபடி ஆக்சிஜன் கொடுக்கும் கருவியை, 73 பேரிடம் வீட்டிலேயே பயன்படுத்திப் பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரத்தில் உண்மைக் கருவி பெற்றவர்களில் 41.7 சதவீதமும், போலிக் கருவி பெற்றவர்களில் 13.5 சதவீதமும் குணமானார்கள். சர்க்கரைப் பாதத்துக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலும், வழக்கமான சிகிச்சையில் ஆறாத புண்ணுக்கு இதை யோசிக்கலாம் என்கிறது. மலையில் இருப்பவருக்குத் தங்கும் செலவு இல்லாத வழி என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். கருவி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, அதனால் பாத சிகிச்சை நிபுணரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். சிலிண்டரையும் பிளாஸ்டிக் பையையும் வைத்து வீட்டில் தானே கட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. பை இறுகினால் இருக்கும் ரத்த ஓட்டமும் நிற்கும், பக்கத்தில் அடுப்பு இருந்தால் தீப்பிடிக்கும்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன் நாலு காரியம் முடிந்திருக்க வேண்டும். பாதத்தில் நாடி தட்டுப்படுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போவது. அடைப்பை நீக்கிவிட்டால் ஆக்சிஜன் தானாக வரும். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்து கிருமிக்கு மருந்து கொடுப்பது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, மாத்திரை தீர்ந்தால் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமே வாங்கிக்கொள்ளலாம். கடைசியாக, அந்தக் காலில் எடை விழாமல் பார்த்துக்கொள்வது. நம் ஊரில் கஷ்டமானது இதுதான். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஐம்பது படி, கழிப்பறைக்குப் பத்து படி, எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்றால் எங்கும் மேடு பள்ளம். ஒவ்வொரு அடியும் புண்ணின் நுண்குழாயை நசுக்குகிறது. பாதத்தை அசையாமல் வைக்கும் கட்டோ தனிச் செருப்போ போட்டு, அவர் இறங்க வேண்டிய அவசியமே வராமல் சில வாரம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்க முடியுமா என்று முதலில் பேசி முடிவெடுங்கள். முடிந்தால் புண்ணின் அளவை வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து வையுங்கள். நாலு வாரத்தில் அது பாதியாகக் குறையவில்லை என்றால் அந்தப் படங்களோடு பெரிய மருத்துவமனைக்குப் போய், ஆக்சிஜன் சிகிச்சை தன் புண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்க அதுவே சரியான நேரம்.